ஒரு முற்றுகைக்கு நான்கு சாட்சிகள்

பழைய சமயநூல்கள் கூறும் செய்திகளை அகழ்வாராய்ச்சி மெய்ப்பித்திருக்கிறதா, பொய்ப்பித்திருக்கிறதா என்று கேட்பவர் பலர். விவிலிய நாடுகளின் புதைபொருள்களைப் பற்றி எங்கே பேச்செடுத்தாலும் என்னிடம் முதலில் வரும் வினா இதுவே. வினவுவோர் இரு திறத்தார். நூலின் ஒவ்வொரு சொல்லும் மெய்யாயிற்று என்னும் விடையை ஒரு திறத்தார் விரும்புகின்றனர். எல்லாம் பிற்காலத்துக் கட்டுக்கதை என்னும் விடையை மற்றத் திறத்தார் விரும்புகின்றனர். இரு திறத்தாரும் அகழ்வாராய்ச்சியாளனின் மண்வெட்டியைத் தீர்ப்புரைக்கும் நீதிபதியாகவே எண்ணுகின்றனர். மண்வெட்டிக்கு அத்துணைப் பெரிய பதவி இல்லை. வழக்கு மன்றத்துக்கு இதுகாறும் வாராத சாட்சிகளைத் தேடிப் பிடித்து அழைத்து வருவதே அதன் தொழில். அச்சாட்சிகளை விசாரிக்கும் பொறுப்பு நம்முடையது.

இதனை விளக்க ஒரே ஒரு நிகழ்ச்சியை எடுத்துக் கொள்கிறேன். கி.மு. 701-ஆம் ஆண்டில் அசீரியப் பேரரசன் சனகெரிப் என்பவன் யூதா நாட்டின்மீது படையெடுத்து வந்தான். அந்நாட்டின் மன்னன் எசேக்கியா. தலைநகர் எருசலேம். எருசலேமுக்குத் தென்மேற்கே ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவில் லாகீஸ் என்னும் அரண் சூழ்ந்த நகரம் ஒன்று இருந்தது. இப்படையெடுப்பைப் பற்றி இன்று நமக்கு நான்கு சாட்சிகள் கிடைத்திருக்கின்றன. பண்டைய உலகின் போர்களுள் இவ்வளவு சாட்சிகளை உடையவை மிகச் சிலவே.

முதலில் போரின் காரணத்தைச் சுருக்கமாகக் கூறிவிடுகிறேன். அக்காலத்தில் டைகிரிஸ் ஆற்றங்கரையில் எழுந்த அசீரியப் பேரரசு மேற்கு ஆசியா முழுவதையும் தன் கையகப்படுத்தி வந்தது. யூதாவின் வடக்கே இருந்த இஸ்ரவேல் அரசு அதன் தாக்குதலுக்கு ஆற்றாது அழிந்தது. அவ்வரசின் தலைநகரான சமாரியா கி.மு. 722-ஐ ஒட்டி வீழ்ந்தது. மக்கள் சிறைப்பட்டுத் தொலைநாடுகளில் குடியேற்றப்பட்டனர். தெற்கே இருந்த சிறிய யூதா அரசு கப்பம் கட்டித் தன்னைக் காத்துக்கொண்டது. கி.மு. 705-இல் அசீரிய மன்னன் இரண்டாம் சர்கோன் போர்க்களத்தில் மாண்டான். பேரரசன் மாண்டான் என்றவுடன் அடங்கியிருந்த நாடுகள் பல தலையெடுத்தன. எசேக்கியாவும் கப்பத்தை நிறுத்தினான். சர்கோனின் மகனாகிய சனகெரிப் முதலில் பாபிலோனை அடக்கினான்; பின்பு பெரும்படையோடு மேற்கு நோக்கித் திரும்பினான்.

முதற் சாட்சி விவிலியம். அரசர்களின் இரண்டாம் புத்தகம், ஏசாயாவின் புத்தகம், நாளாகமத்தின் இரண்டாம் புத்தகம் ஆகிய மூன்றிலும் இச்செய்தி உள்ளது. சனகெரிப் யூதாவின் அரண் சூழ்ந்த நகரங்களை எல்லாம் பிடித்தான் என்றும், லாகீசில் தங்கியிருந்த அவனுக்கு எசேக்கியா பணிந்து தூது அனுப்பினான் என்றும், 300 தாலந்து வெள்ளியும் 30 தாலந்து பொன்னும் தண்டமாகக் கொடுத்தான் என்றும், அதற்காக ஆலயக் கதவுகளில் பதித்திருந்த பொன்னையும் பெயர்த்தெடுத்தான் என்றும் அரசர் புத்தகம் கூறுகிறது. அதன் பின்னும் அசீரியத் தலைவர்கள் எருசலேமின் மதிலருகே வந்து நின்று அடிபணியச் சொல்லி மிரட்டினர். மதிலின்மேல் நிற்கும் பொதுமக்களுக்கு விளங்காதபடி அரமேய மொழியில் பேசுங்கள் என்று எசேக்கியாவின் அதிகாரிகள் அவர்களை வேண்டிக்கொண்டனர். அசீரியத் தலைவனோ மக்கள் கேட்க வேண்டும் என்பதற்காகவே அவர்களுடைய மொழியில் உரத்துக் கூவினான். போர்க்காலத்தில் மக்களின் மனவுறுதியைக் குலைக்கும் கலை அன்றே நன்கு பயிலப்பட்டிருந்தது என்பது இதனால் விளங்குகிறது. முடிவில், ஓர் இரவில் இறைவனின் தூதன் 1,85,000 அசீரிய வீரரைச் சங்கரித்தான் என்றும், சனகெரிப் நினிவேக்குத் திரும்பி, அங்கே தன் மக்களாலேயே கொலையுண்டான் என்றும் அப்புத்தகம் கூறி முடிக்கிறது.

ஏறத்தாழ இரண்டாயிரத்து ஐந்நூறு ஆண்டுகளாக இந்த ஒரு சாட்சியையே உலகம் பெரும்பாலும் நம்பியிருந்தது. கிரேக்க ஆசிரியர் ஹெரடோட்டஸ் மட்டும் வேறொரு கதையைக் குறித்து வைத்தார். சனகெரிப் எகிப்தின் எல்லையில் பாசறை அமைத்திருந்தபோது, இரவில் எலிகள் திரண்டு வந்து வீரர்களின் வில்நாண்களையும் கேடயக் கைப்பிடிகளையும் கடித்துப் போட்டன என்பது எகிப்தியர் அவருக்குச் சொன்ன கதை. சனகெரிப்பின் பக்கத்து வாக்குமூலம் மட்டும் மண்ணுக்குள் புதைந்து கிடந்தது.

அதை வெளிக்கொணர்ந்த வரலாற்றில் நம்முடைய பகுதிக்கும் ஒரு சிறு தொடர்பு உண்டு. 1839-ஆம் ஆண்டில் ஆஸ்டின் ஹென்றி லேயார்டு என்னும் 22 வயது ஆங்கில இளைஞர் இங்கிலாந்திலிருந்து தரைவழியாகப் புறப்பட்டார். அவர் செல்ல நினைத்த இடம் இலங்கை. அவருடைய தந்தையார் அங்கே அரசுப் பணியில் இருந்தவர். தாமும் அங்குச் சென்று வழக்கறிஞராய்த் தொழில் நடத்தலாம் என்பது மகனின் எண்ணம். வழியில் டைகிரிஸ் ஆற்றங்கரையில் மோசூல் நகருக்கு எதிரே நின்ற பெரிய மண்மேடுகள் அவர் மனத்தைக் கவர்ந்தன. பயணத்தை இடையிலே விடுத்துப் பாரசீக மலைநாட்டில் சில காலம் சுற்றிய அவர், கடைசிவரை இலங்கைக்குப் போய்ச் சேரவே இல்லை. 1845-இல் நிம்ரூத் என்னும் மேட்டைத் தோண்டத் தொடங்கினார். 1847-இல் மோசூலுக்கு எதிரே உள்ள குயுஞ்சிக் மேட்டில், பழைய நினிவே நகரின் ஒரு பகுதியில், சனகெரிப்பின் அரண்மனையைக் கண்டார். மோசூலிலேயே பிறந்த ஹோர்முஸ்து ரசாம் என்பவர் அவருக்கு உற்ற துணையாக நின்று உழைத்தார். 1849 முதல் 1851 வரை நடந்த இரண்டாம் அகழ்வின் முடிவில், 71 கூடங்களையும் அறைகளையும் இடைவழிகளையும் திறந்துவிட்டதாக லேயார்டு கணக்குக் கொடுத்தார். சிற்பம் செதுக்கிய பலகைகளை ஒன்றன்பின் ஒன்றாக நிறுத்தினால் ஏறக்குறைய இரண்டு மைல் நீளும் என்பது அவர் கணக்கு.

சிற்பங்கள் கிடைத்தன, அவற்றின்மேல் செதுக்கியிருந்த ஆப்பெழுத்துகளைப் படிப்பது எங்ஙனம்? ஆப்பு வடிவக் கோடுகளால் ஆகிய அவ்வெழுத்தைப் படித்துவிட்டதாக ஹென்றி ராலின்சன், எட்வர்ட் ஹிங்க்ஸ் முதலிய அறிஞர்கள் கூறியபோது ஐயுற்றவர் பலர். 1857-இல் லண்டனிலுள்ள ராயல் ஏசியாட்டிக் சங்கம் ஒரு சோதனை நடத்தியது. அண்மையில் கிடைத்த கல்வெட்டு வாசகம் ஒன்றை ராலின்சன், ஹிங்க்ஸ், டால்பட், ஒப்பேர் ஆகிய நால்வரும் ஒருவரையொருவர் கலவாமல் மொழிபெயர்த்து, முத்திரையிட்ட உறைகளில் அனுப்பினர். உறைகளைத் திறந்து பார்த்தபோது நான்கு மொழிபெயர்ப்புகளும் முக்கியமான செய்திகளில் ஒத்திருந்தன. அன்று முதல் அசீரிய மன்னரின் சொற்களை உலகம் நம்பிக் கேட்கத் தொடங்கியது.

அச்சொற்களுள் சனகெரிப்பின் வாக்குமூலம் ஒரு களிமண் பட்டகத்தில் பொறிக்கப்பட்டிருக்கிறது. ஆறு முகங்களும் ஏறத்தாழ 38 செண்டிமீட்டர் உயரமும் உடைய அப்பட்டகம் கி.மு. 691-இல் எழுதப்பட்டது. நினிவேயின் மற்றொரு மேடாகிய நெபி யூனுசில் 1830-இல் கர்னல் டெய்லர் என்பவருக்குக் கிடைத்து, 1855-இல் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தைச் சேர்ந்தது. அதே வாசகம் உடைய வேறு இரு பட்டகங்கள் சிகாகோவிலும் எருசலேமிலும் உள்ளன. நெபி யூனுஸ் என்பதற்கு யோனா தீர்க்கதரிசி என்று பொருள். அம்மேட்டின்மேல் அவர் பெயரால் நின்ற பழம்பெரும் பள்ளிவாசலை 2014-ஆம் ஆண்டில் தீவிரவாதிகள் வெடிவைத்துத் தகர்த்தனர் என்பதை நேயர்கள் அறிந்திருக்கலாம்.

இரண்டாம் சாட்சியாகிய சனகெரிப் கூறுவது இது. பணிய மறுத்த எசேக்கியாவின் அரண் சூழ்ந்த நகரங்கள் 46-ஐயும் எண்ணற்ற சிற்றூர்களையும் பிடித்தான். 2,00,150 மக்களைச் சிறையாக வெளிக்கொணர்ந்தான். எசேக்கியாவை எருசலேமுக்குள் கூண்டிலிட்ட பறவையைப் போல் அடைத்து வைத்தான். அச்சமுற்ற எசேக்கியா 30 தாலந்து பொன்னும் 800 தாலந்து வெள்ளியும், தன் புதல்வியரையும், அரண்மனைப் பெண்டிரையும், இசைவாணரையும் நினிவேக்குப் பின்னர் அனுப்பிவைத்தான்.

இரு சாட்சிகளையும் அருகருகே நிறுத்திப் பார்ப்போம். பொன்னின் அளவு இரண்டிலும் ஒன்றே: 30 தாலந்து. வெள்ளியின் அளவு வேறுபடுகிறது. தண்டம் முற்றுகைக்கு முன்னே செலுத்தப்பட்டது என்கிறது விவிலியம். பின்னரே நினிவேக்கு வந்தது என்கிறது பட்டகம். மன்னன் மகளிரை அனுப்பியதை விவிலியம் சொல்லவில்லை. அரண் சூழ்ந்த நகரங்கள் யாவும் விழுந்தன என்பதை இரண்டும் ஒப்புகின்றன. எருசலேம் விழவில்லை என்பதையும் இரண்டும் ஒப்புகின்றன என்றே கொள்ள வேண்டும். தன் வெற்றிகளை விரித்துரைப்பதில் சிறிதும் கூச்சமில்லாத சனகெரிப், எருசலேமைப் பிடித்தேன் என்று ஓரிடத்திலும் சொல்லவில்லை. பறவையைக் கூண்டில் அடைத்ததைச் சொன்னவன், கூண்டைத் திறந்து பறவையைப் பிடித்ததைச் சொல்லவில்லை. தன் படை பேரழிவுக்கு ஆளானது என்றும் அவன் சொல்லவில்லை. தோல்வியைக் கல்லிலும் களிமண்ணிலும் எழுதிவைப்பது அசீரிய மன்னரின் வழக்கம் அன்று.

அவன் முடிவைப் பற்றிய செய்தியிலும் இவ்வாறே ஓர் ஒற்றுமை உண்டு. கி.மு. 681-இல் சனகெரிப் தன் மகனின் சதியால் மாண்டான் என்பதை நினிவேயின் ஆவணங்களுள் இருந்த ஒரு கடிதமும் காட்டுகிறது. ஆனால் படையெடுப்புக்கும் கொலைக்கும் இடையே இருபது ஆண்டுகள் கழிந்தன. விவிலிய ஆசிரியர் அவ்விருபது ஆண்டுகளைத் தாண்டி, பாவத்தையும் தண்டனையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டார். நிகழ்ச்சி மெய், அவற்றை அடுக்கிய முறையில் ஆசிரியரின் நோக்கம் தெரிகிறது.

இனி லாகீசுக்கு வருவோம். விவிலியத்தில் லாகீஸ் நகரம் சனகெரிப் தங்கியிருந்த இடம் என்ற அளவிலேதான் பேசப்படுகிறது. அந்நகரம் எவ்வாறு வீழ்ந்தது, அதன் மக்கள் என்ன ஆயினர் என்பதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. பட்டகமோ லாகீசின் பெயரைக்கூடக் குறிப்பிடவில்லை. ஆனால் சனகெரிப்பின் அரண்மனையில் ஓர் அறை முழுவதும் லாகீஸ் முற்றுகைக்கே ஒதுக்கப்பட்டிருந்தது. அவ்வறையின் புடைப்புச் சிற்பங்களை இன்று லண்டனில் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் காணலாம்.

இடமிருந்து வலமாக நடந்துகொண்டே பார்க்க வேண்டிய சிற்ப வரிசை அது. முதலில் கவண் வீரரும் வில்லாளரும் ஈட்டி வீரரும் அணிவகுத்து வருகின்றனர். அடுத்து நகரின் மதில் தோன்றுகிறது. மதிலை நோக்கிச் சாய்ந்த மேடுகள் எழுப்பப்பட்டு, அவற்றின்மேல் மதில் இடிக்கும் பொறிகள் உருண்டு ஏறுகின்றன. நகரத்தார் மேலிருந்து கற்களையும் எரியும் பந்தங்களையும் அவற்றின்மேல் வீசுகின்றனர். பொறியில் தீப்பற்றாதபடி ஓர் அசீரிய வீரன் நீண்ட அகப்பையால் அதன்மேல் நீரை ஊற்றிக் கொண்டிருக்கிறான். அப்பால் வாயில் வழியே மக்கள் மூட்டை முடிச்சுகளோடு வெளியேறுகின்றனர். மாட்டு வண்டியின்மேல் பெண்களும் குழந்தைகளும் அமர்ந்திருக்கின்றனர். சிலர் கழுவில் ஏற்றப்பட்டிருக்கின்றனர். சிலருடைய தோல் உரிக்கப்படுகிறது. இறுதியில் ஒரு குன்றின்மேல் உயர்ந்த அரியணையில் சனகெரிப் வீற்றிருக்கிறான். லாகீசின் கொள்ளைப்பொருள் அவன் முன்னே கொண்டுவரப்பட்டது என்று தலைக்கருகே எழுதியிருக்கிறது. அம்மன்னனின் முகம் மட்டும் வேண்டுமென்றே சிதைக்கப்பட்டிருக்கிறது. கி.மு. 612-இல் நினிவே பகைவர் கையில் வீழ்ந்தபோது எவரோ செய்த வேலையாக இருக்கலாம்.

இந்தச் சிற்பங்களைப் பார்த்தபோது என் உள்ளத்தில் தங்கியவை கொடுமைக் காட்சிகள் மட்டுமல்ல. வண்டியின்மேல் அமர்ந்திருக்கும் பெண்களின் அமைதியே நெடுநேரம் என் மனத்தை விட்டு அகலவில்லை. வெற்றிக் களிப்பைக் காட்டுவதற்காகச் செதுக்கிய சிற்பி, தன்னை அறியாமலே தோற்றவர்களின் துயரத்துக்கும் நினைவுச்சின்னம் எழுப்பிவிட்டான்.

மன்னனின் பெருமைக்காகத் தலைநகரில் செதுக்கிய சிற்பத்தை எவ்வளவு நம்பலாம் என்று நீங்கள் கேட்கலாம். அதற்கு விடை கூறும் மூன்றாம் சாட்சி லாகீஸ் நகரம் இருந்த மேடே ஆகும். தெல் எத்-துவேர் என்னும் மேடுதான் பழைய லாகீஸ் என்று 1929-இல் அமெரிக்க அறிஞர் ஆல்பிரைட் கருதினார். 1932-இல் ஜேம்ஸ் லெஸ்லி ஸ்டார்க்கி என்னும் ஆங்கிலேயர் தலைமையில் அகழ்வு தொடங்கியது. நகரம் பலமுறை அழிந்து, ஒவ்வொரு முறையும் இடிபாட்டின்மேலேயே மீண்டும் கட்டப்பட்டதால், மேடு அடுக்கடுக்காக அமைந்திருந்தது. மேலிருந்து எண்ணிவந்தபோது இரண்டாம் அடுக்கும் மூன்றாம் அடுக்கும் தீயால் அழிந்தவை எனத் தெரிந்தது. இரண்டாம் அடுக்கின் சாம்பலிலிருந்து 1935-இல் பானையோட்டில் மையால் எழுதிய கடிதங்கள் கிடைத்தன. அவை பாபிலோனியர் யூதாவை அழித்த கி.மு. 586-ஐ ஒட்டியவை. ஆகவே இரண்டாம் அடுக்கின் காலம் தெளிவாயிற்று. மூன்றாம் அடுக்கை எரித்தவர் யார்? அதுவும் பாபிலோனியர் வேலையே, கி.மு. 597-இல் நிகழ்ந்தது என்பது ஸ்டார்க்கியின் கருத்து.

1938-ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில், எருசலேமில் புதிய அருங்காட்சியகத்தின் திறப்பு விழாவுக்குச் சென்றுகொண்டிருந்த ஸ்டார்க்கி வழியில் ஆயுதந்தாங்கியவர்களால் கொல்லப்பட்டார். அகழ்வு அவ்வாண்டே நின்றது. எடுத்த பொருள்களை எல்லாம் ஆராய்ந்து நூலாக்கும் சுமை, அவருடைய குழுவில் தொடக்கத்திலிருந்தே பணிசெய்த ஒல்கா டஃப்னெல் என்னும் அம்மையாரின்மேல் விழுந்தது. பதினைந்து ஆண்டுகள் பானைகளையும் ஓடுகளையும் அவர் பொறுமையோடு ஒப்பிட்டார். மூன்றாம் அடுக்கின் பானைகளும் இரண்டாம் அடுக்கின் பானைகளும் வடிவில் மிகவும் வேறுபட்டிருந்தன. கி.மு. 597-க்கும் 586-க்கும் இடைப்பட்ட பதினோர் ஆண்டுகளில் ஒரு நாட்டுக் குயவர்களின் கைப்பழக்கம் இத்துணை மாறுமா? மாறாது என்று அம்மையார் முடிவு செய்தார். மூன்றாம் அடுக்கை எரித்தவன் கி.மு. 701-இல் வந்த சனகெரிப்பே என்று 1953-இல் வெளிவந்த நூலில் எழுதினார். மறைந்த தலைவரின் கருத்துக்கு மாறாக எழுத நேர்ந்ததால் அம்முடிவு எளிதில் ஏற்கப்படவில்லை. அறிஞரிடையே இருபது ஆண்டுகளுக்கு மேல் வாதம் நடந்தது.

1973 முதல் டேவிட் உசிஷ்கின் என்னும் இஸ்ரேலிய அறிஞர் மீண்டும் அங்கே அகழ்ந்து, அம்மையார் கூறியதே சரி என்று நிலைநாட்டினார். மேட்டின் தென்மேற்கு மூலையில் அசீரியர் எழுப்பிய முற்றுகை மேட்டை அவர் வெளிப்படுத்தினார். அதில் குவித்த கற்களின் எடை 13,000 முதல் 19,000 டன் வரை இருக்கும் என்று மதிப்பிட்டுள்ளனர். மதிலுக்கு உட்புறத்தில் நகரத்தார் அவசரமாகக் குவித்த எதிர்மேடு ஒன்றும் தெரிந்தது. வெளியே மேடு உயர உயர, உள்ளே இருந்தவர்களும் தங்கள் வீட்டு இடிபாடுகளையும் ஊர் மண்ணையும் அள்ளிக் கொட்டி அரணை உயர்த்தியிருக்கின்றனர். நூற்றுக்கணக்கான இரும்பு அம்பு முனைகளும், கவண்கற்களும், பொறியைப் பிடித்து இழுத்துத் தடுக்கப் பயன்பட்டதாகக் கருதப்படும் இரும்புச் சங்கிலித் துண்டும் அங்கே கிடைத்தன. நினிவேச் சிற்பி காட்டிய மேடும் அம்பும் கல்லும் கற்பனை அல்ல என்பதை இவ்விடமே கூறிவிட்டது.

ஸ்டார்க்கியின் காலத்திலேயே அருகிலுள்ள குகைகளில் ஏறத்தாழ 1,500 பேரின் எலும்புகள் குவிந்து கிடந்தன. இம்முற்றுகையில் மாண்டவர்களின் எலும்புகளாக அவை இருக்கக்கூடும் என்பது அறிஞர் சிலர் கருத்து. அரசனுக்கு உரியது என்னும் முத்திரை குத்திய பெரிய சாடிகளின் கைப்பிடிகள் லாகீசில் மட்டும் 400-க்கு மேல் கிடைத்திருக்கின்றன. வரப்போகும் போருக்காக எசேக்கியா தன் நகரங்களில் எண்ணெயும் திராட்சை மதுவும் சேமித்து வைத்ததற்கு அவை அடையாளம் என்று பலர் கருதுகின்றனர்.

நான்காம் சாட்சி எருசலேம். முற்றுகையை எதிர்பார்த்த எசேக்கியா, நகருக்கு வெளியே இருந்த கீகோன் ஊற்றின் நீரை நகருக்குள் திருப்பினான் என்று விவிலியம் கூறுகிறது. பாறையைக் குடைந்து சென்ற 533 மீட்டர் நீளமுள்ள சுரங்கக் கால்வாய் ஒன்று இன்றும் அவ்வூற்றிலிருந்து சீலோவாம் குளத்துக்கு நீரைக் கொண்டுசெல்கிறது. 1838-இல் எட்வர்ட் ராபின்சன் என்னும் அமெரிக்க அறிஞர் அதனுள் தவழ்ந்து சென்று அளந்தார். ஆனால் அதன் சுவரில் இருந்த எழுத்து அவர் கண்ணில் படவில்லை. 1880-இல் அங்கே நீரில் விளையாடிக்கொண்டிருந்த ஒரு பள்ளிச் சிறுவன்தான் தென்வாயிலின் அருகே அவ்வெழுத்தைக் கண்டான்.

பழைய எபிரேய எழுத்தில் ஆறு வரிகள். இரு முனைகளிலிருந்தும் இரு கூட்டத்தார் எதிரெதிரே குடைந்து வந்ததை அவ்வரிகள் கூறுகின்றன. இடையில் மூன்று முழப் பாறை எஞ்சியிருந்தபோது ஒருவன் மற்றவனைக் கூப்பிடும் குரல் கேட்டது. கோடரிக்கு எதிரே கோடரி மோத இரு கூட்டமும் சந்தித்தன. நீர் 1,200 முழம் ஓடிக் குளத்தைச் சேர்ந்தது. முழம் ஒன்றுக்கு ஏறத்தாழ 44 செண்டிமீட்டர் என்று கணக்கிட்டால் அது இன்றைய அளவோடு பொருந்துகிறது. 2003-இல் வெளியான ஓர் ஆய்வில், சுரங்கப் பூச்சில் சிக்கிய தாவரத் துணுக்குகளையும் கூரையில் படிந்த சுண்ணத்தையும் அறிவியல் முறையில் சோதித்து, சுரங்கம் கி.மு. 700-ஐ ஒட்டியது என்று கண்டனர். கல்வெட்டைக் கள்வர் பெயர்த்தெடுத்து உடைத்துவிட்டனர்; மீட்கப்பட்ட துண்டுகள், அன்று நாட்டை ஆண்ட துருக்கியரால் கொண்டுசெல்லப்பட்டு, இஸ்தான்புல் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன.

எருசலேமின் மேற்குப் பகுதியில் 1970-களில் நஹ்மான் அவிகாத் என்னும் அறிஞர் ஏழு மீட்டர் அகலமுள்ள மதிலைக் கண்டார். அம்மதில் குடியிருப்பு வீடுகளை இடித்து அவற்றின்மேல் எழுப்பப்பட்டது. அரணைப் பலப்படுத்த வீடுகளை இடித்தீர்கள் என்று ஏசாயா தம் நகரத்தாரை இடித்துரைப்பதை அறிந்தவர்கள், மதிலின் அடியில் புதைந்த வீட்டுச் சுவர்களைக் கண்டு வியந்தனர். 2009-இல் நடந்த அகழ்வில் கிடைத்து 2015-இல் வெளியிடப்பட்ட விரல்நுனி அளவு களிமண் முத்திரை ஒன்றில், ஆகாசின் மகன் எசேக்கியா, யூதாவின் அரசன் என்னும் பெயரே பொறிக்கப்பட்டிருக்கிறது.

நான்கு சாட்சிகளையும் விசாரித்துவிட்டோம். முதலில் எழுந்த வினாவுக்கு என்ன விடை? எசேக்கியா இருந்தான், சனகெரிப் வந்தான், நகரங்கள் விழுந்தன, எருசலேம் தப்பியது. இவற்றை இனி ஒருவரும் மறுக்க முடியாது. எருசலேம் தப்பியதற்குக் காரணம் என்ன? இறைவனின் அருளா, கொள்ளைநோயா, பெற்ற தண்டத்தால் வந்த மனநிறைவா, எகிப்தியர் படையின் வருகையா? இதற்கு எந்த மேடும் எந்தப் பட்டகமும் விடை தரவில்லை. அருங்காட்சியகத்தின் கண்ணாடிப் பேழைக்குள் விசுவாசத்தைத் தேடுபவரும், அங்கே அவிசுவாசத்தைத் தேடுபவரும் வெறுங்கையோடு திரும்புவர்.

ஆனால் இந்த விசாரணையால் வேறொன்று கிடைத்தது. அதையே நான் பெரிதாக மதிக்கிறேன். எருசலேமின் நூலாசிரியர் தம் நகரம் தப்பியதைப் பாடினார். லாகீஸ் அழிந்ததைப் பாடவில்லை. நினிவேயின் சிற்பி லாகீஸ் அழிந்ததைச் செதுக்கினான். எருசலேம் தப்பியதைச் செதுக்கவில்லை. ஒவ்வொருவரும் தமக்குப் பெருமை தரும் பாதியை வைத்துக்கொண்டனர். இரண்டு பாதிகளையும் சேர்த்துப் பார்த்தபோதுதான், இரு தரப்பாரும் கணக்கில் கொள்ளாத மக்கள் நம் கண்ணுக்குத் தெரிகின்றனர். ஒரே படையெடுப்பில் ஒரு நகரத்துக்கு மீட்பும், அதிலிருந்து இரண்டு நாள் நடைத் தொலைவிலுள்ள மற்றொரு நகரத்துக்கு அழிவும் வந்தன. மீட்பின் வரலாற்றை மட்டும் படித்தவர்க்கு அழிந்தவர்களின் நினைவு வருவதில்லை. அந்நினைவை நமக்கு அளித்தவை உசிஷ்கின் கண்ட எதிர்மேடும், டஃப்னெல் அம்மையார் எண்ணிய ஓடுகளுமே.

சீலோவாம் சுரங்கத்தின் ஆறு வரிகளில் எசேக்கியாவின் பெயர் இல்லை. வேறெந்த அரசனின் பெயரும் இல்லை. சனகெரிப்பின் பட்டகம் முழுவதும் ‘நான், நான்’ என்று ஒலிக்கிறது. நீருக்காகப் பாறையைக் குடைந்த கூலியாட்களோ, தங்கள் பெயரையும் எழுதாமல், அரசனின் பெயரையும் எழுதாமல், பாறைக்கு அப்பாலிருந்து தோழனின் குரல் கேட்ட அந்த நாழிகையை மட்டும் எழுதிவைத்தனர். பண்டைய நூல்களைப் படிக்கும்போது, மன்னர்களின் ஆரவாரத்துக்கு இடையே அத்தகைய குரல்களுக்கும் செவி சாய்க்க நம்மைப் பழக்குவதே அகழ்வாராய்ச்சியின் பெரும்பயன் என்று நான் கருதுகிறேன்.